கொதிக்கிற அம்பாசடரும் உப்புத் தண்ணீரும்

சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கிற பழைய அம்பாசடர், பானெட் இடுக்கில் ஆவி விட்டால் பார்க்கிறவர்கள் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள்: வெயில். இங்கிலாந்துக் குளிருக்குச் செய்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசுதானே, நம்மூர்ச் சூட்டை எப்படித் தாங்கும் என்று பூர்வீகத்தையும் இழுப்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. உள்ளே ஓடும் நீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் எவ்வளவு வெப்பநிலை வித்தியாசமோ, அவ்வளவுக்குத்தான் ரேடியேட்டர் சூட்டை இறக்கும். நீர் 90 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 70. காற்று 40 ஆனால் வெறும் 50. ஏறக்குறைய முப்பது சதவீதத்தை வெயில் பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் 2014 வரை உத்தரபாராவில் தயாரான இதே கார்தான் எத்தனையோ இந்தியக் கோடைகளில் டாக்ஸியாக உழைத்தது. அன்று தாங்கிய வெயிலை இன்று தாங்கவில்லையென்றால், காரணத்தை வண்டிக்குள்தான் தேட வேண்டும்.

வீட்டு கீசரின் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு, சூடுபட்டதும் பிரிந்து வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். இன்ஜினுக்குள் நடப்பதும் அதுதான். செம்பு வழியாகச் சூடு கடக்கும் வேகத்தில் நூறில் ஒரு பங்குகூடச் சுண்ணாம்புப் பொருக்கில் கிடையாது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு பிரியக்கூடிய தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு லிட்டரை ஒரு தரம் நிரப்பி மூடிவிட்டால் உள்ளே சேர்வது மொத்தமே இரண்டரை கிராம், ஒன்றும் ஆகாது. ஆனால் ஒழுகுகிறது என்று தினமும் ஒரு லிட்டர் ஊற்றினால் வருடத்துக்கு நூறு கிராமுக்கு மேல் இறங்கும். வெளியே போவது நீர்தான், சூட்டில் பிரிந்த உப்பு வண்டியிலேயே தங்கிவிடுகிறது. டிக்கியில் தண்ணீர் கேன் வைத்துக்கொள்வதை முன்னெச்சரிக்கை என்று நினைக்கிறோம். அதுவே பழக்கமாகிவிட்டால் ஒழுகல்தான் நோய், ஊற்றுவது அதை வளர்ப்பது.

அந்தக் காலத்து டிரைவர்கள் குழாய்த் தண்ணீரை ஊற்றித்தானே ஓட்டினார்கள் என்று கேட்கலாம். ஓட்டினார்கள்தான். ஆனால் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் ஈயப்பற்றை உருக்கித் திறந்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுத் துழாவி, மறுபடி பற்றவைத்துக் கொடுக்கும் கடைகளும் அன்று இருந்தன. அந்த வேலையைக் கணக்கில் சேர்க்காமல் குழாய்த் தண்ணீருக்கு மட்டும் சான்றிதழ் தர முடியாது. தவிர, டாக்ஸி தினமும் ஓடியது. இன்றைய பழைய கார் மாதத்துக்கு ஒருமுறை கண்காட்சிக்குப் போகும். மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். நிற்கிற நீரில் வார்ப்பிரும்பு பிளாக்கின் துரு கசடாக அடியில் இறங்கிக் கெட்டிப்படும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு கைவைத்தியம். சுமார் 82 டிகிரியில் திறக்கும் அந்த வால்வு, திறந்தபின் தண்ணீரை மறிப்பதில்லை. கெட்டு மூடியபடி நின்றுவிட்டால்தான் குற்றவாளி. அதற்குப் புதிது போடலாமே. அதை எடுத்துவிட்டால் குறைந்த தூர ஓட்டத்தில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவித் தேய்மானத்தைக் கூட்டும். சிலர் கூடுதலாகப் பொருத்தும் எலெக்ட்ரிக் ஃபேன் நெரிசலில் உதவும், மறுக்கவில்லை. ஆனால் டைனமோ உள்ள வண்டி ஐட்லிங்கில் சார்ஜ் ஆவதே அரிது. ஃபேனுக்கான கரண்ட் பேட்டரியிலிருந்துதான் போகும்.

கூலன்ட் பனி விழும் நாட்டுச் சமாச்சாரம், நமக்கெதற்கு என்பவர்களுக்குப் பாதி மதிப்பெண் தரலாம். சூட்டைச் சுமப்பதில் வெறும் நீரே கெட்டி. கூலன்டில் உறைதலைத் தடுக்கும் கிளைக்கால் கலந்தால் அந்தத் திறன் குறையும். நமக்கு வேண்டியது உறைதல் தடுப்பு கிடையாது, அதோடு வரும் துருத்தடுப்பு மருந்து. டிஸ்டில்டு வாட்டரில் அதைக் கலந்தால் இரும்பும் செம்பும் பித்தளையும் ஒரே நீரில் நனைந்துகொண்டு ஒன்றையொன்று அரிப்பது மட்டுப்படும். வாங்கும்போதுதான் கவனம் தேவை. புதுக் கார்களுக்கான நீண்ட ஆயுள் கூலன்ட்களில் சில, பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றுக்கு ஆகாது. சிலிகேட் சேர்ந்த பழைய வகை பச்சைக் கூலன்டே இவற்றுக்குப் பொருத்தம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

மாற்றுகிற அன்று, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். அழுத்தத்தில் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்த நீர், திறந்த மறுநொடி ஆவியாகி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் அடிக்குழாயை மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று பலர் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. பெரும்பாலும் திறந்தாலும் சொட்டு வராது. கம்பியை விட்டுக் குடைந்தால் முதலில் செங்காவி நிறத்தில் சேறு வழியும், பிறகுதான் தண்ணீர் வரும். அது தெளிந்து வரும்வரை ஹோஸ் பிடித்து எதிர்த்திசையில் நீர் பாய்ச்ச வேண்டும். நிரப்பிச் சூடாக்கியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஃபேனுக்கு விலகியே ரேடியேட்டர் தகடுகளைத் தொட்டுப் பார்த்தால் அடைப்பு எங்கே என்று தெரியும்: சுற்றிலும் சுட, ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே குழாய்கள் தூர்ந்திருக்கின்றன. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அங்கே ஈரம் கண்டால் உள்ளே சீல் போய்விட்டது. பம்பைக் கழற்ற வேண்டிய நாள் அதுதான், தண்ணீர் கேனைத் தேட வேண்டிய நாள் இல்லை.