வானத்தில் திறந்த கதவு: இந்தியத் தொலைக்காட்சி வளர்ந்த கதை

1959 செப்டம்பர் 15 அன்று, யுனெஸ்கோ உதவியுடன் டில்லியில் இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் ஒரு கிளையாக இருந்த அது, வாரத்துக்கு இரண்டு நாள்தான் நடந்தது. தினசரி ஒளிபரப்பு 1965-ல்தான் வந்தது. பம்பாய்க்கு 1972-லும் சென்னைக்கு 1975-லும் நிலையங்கள் கிடைத்தன. தந்தி முறைகள் அனைத்தும் மத்திய அரசின் தனியுரிமை என்ற 1885-ஆம் ஆண்டுச் சட்டம் ஒலி, ஒளிபரப்புக்கும் பொருந்தியதால், தனியார் நுழையும் பேச்சே எழவில்லை.

அரசு தொலைக்காட்சியைப் பாடம் நடத்தும் கருவியாகவே பார்த்தது. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு காலம், நாசாவிடம் இரவல் வாங்கிய செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு உழவு, உடல்நலம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் சென்றன. கோழிவலைக் கம்பியால் செய்த ஆண்டெனாக்கள் அவற்றை உள்வாங்கித் தந்தன. 1976-ல் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் ஆனது. விளம்பரங்கள் வரத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக வண்ண ஒளிபரப்பும் நாடு தழுவிய தேசிய ஒளிபரப்பும் வந்தன. இன்சாட்-1பி செயற்கைக்கோள் விண்ணில் நிலைகொண்ட பின், 1984-ல் சில மாதங்கள் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்டன. அதே ஆண்டு 'ஹம் லோக்' தொடர் மேகி நூடுல்ஸின் ஆதரவோடு ஒளிபரப்பானது. ஒரு குடும்பக் கதையைக் காட்டிச் சரக்கை விற்க முடியும் என்பதை வணிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அரசுத் தொலைக்காட்சியே என்பது சுவையான முரண். 1987-ல் தொடங்கிய 'ராமாயண'த்தின் போது ஞாயிறு காலைத் தெருக்கள் வெறிச்சோடின. ஆனால் இந்தி தெரியாத தமிழ் வீடுகளுக்குத் தேசிய ஒளிபரப்பு நேரம் ஒரு சுமைதான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' போன்ற சில நிகழ்ச்சிகளுக்காகவே பெட்டிமுன் கூட்டம் கூடியது.

வேறு நிகழ்ச்சிகளுக்கான இந்தப் பசியைத் தீர்க்க வந்தவை தூர்தர்ஷனின் கட்டுப்பாட்டுக்கு அப்பால் இருந்தன. 1991 வளைகுடாப் போரை சி.என்.என். நேரலையாகக் காட்டியது. அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. தொடங்கியது. மாடியில் டிஷ் ஆண்டெனா நிறுத்தி, தெருவெங்கும் கம்பி இழுத்து, மாதச் சந்தா வசூலித்த கேபிள்காரர்கள் இவற்றை வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டம் அனுமதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. 1992 அக்டோபரில் ஜீ டி.வி.யும், 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி.யும் வந்தன. இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சியை அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லாததால், இங்கே தயாரான நாடாக்கள் வெளிநாடு சென்று அங்கிருந்து வானேறின. திரைப்படமும் பாடலும் தொடரும் தமிழிலேயே கிடைத்ததும், தமிழகப் பார்வையாளர்கள் சன் பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ராஜ், விஜய், ஜெயா எனப் போட்டியாளர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டு அரசியலும் சேனல்களுக்குள் புகுந்தது. கட்சிக்கு ஒரு சேனல் என்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

சட்டம் பின்னால் ஓடிவந்தது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 1995-ல் இயற்றப்பட்டது. அதே ஆண்டு, கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றும் அவற்றை ஒரு சுதந்திரமான பொது அமைப்பு ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990-லேயே நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தூர்தர்ஷனும் வானொலியும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தாலும், நிதிக்கு அரசின் கையையே நம்பியிருந்தன. பெயரில் இருந்த தன்னாட்சி நடைமுறையில் அரைகுறையாகவே நின்றது.

2003-க்குப் பின், செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வீட்டுக்கு வரும் டிஷ் டி.வி. போன்ற டி.டி.எச். சேவைகள் கேபிள்காரரின் ஆதிக்கத்தைத் தளர்த்தின. 2012-லிருந்து கேபிள் கட்டாய டிஜிட்டல்மயமானது. தூர்தர்ஷனும் களத்தை விட்டு விலகவில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவமுள்ள விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். 2004-ல் தூர்தர்ஷன் தொடங்கிய, இன்று 'ஃப்ரீ டிஷ்' எனப்படும் சேவைக்கு மாதச் சந்தா கிடையாது. செட்-டாப் பெட்டியும் ஆண்டெனாவும் வாங்கினால் போதும். கிராமப்புற வீடுகளை எட்டுவதற்காக, தனியார் சேனல்கள் அதில் இடம்பிடிக்க பிரசார் பாரதி நடத்தும் ஏலத்தில் பணம் கட்டுகின்றன.