கடைசி நேரத்தில் கடிகாரத்தைத் தொடுவது

கணினிச் சிப்பில் எல்லா வேலையும் ஒரு கடிகாரத் துடிப்பின்படிதான் நடக்கிறது. ஒரு செக்கனுக்குள் பல கோடி முறை ஏறி இறங்கும் அந்த மின்துடிப்பு, சிப் முழுவதும் சிதறிக் கிடக்கும் இலட்சக்கணக்கான ஃபிளிப்-ஃபிளாப்களுக்குப் போகிறது. ஃபிளிப்-ஃபிளாப் என்பது ஒரேயொரு பிட் தகவலைப் பிடித்து வைக்கும் சின்னஞ்சிறு பெட்டி. துடிப்பு வந்ததும் வாசலில் நிற்கும் தகவலை உள்ளே எடுத்துக்கொள்ளும். அடுத்த துடிப்பு வரை அதையே வெளியே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் துடிப்பு எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. ஓர் ஒப்புமை: இலங்கை மலையகத்தில் பெரகல சந்திக்கு மேலும் கீழும் சரிவில் கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு ஆட்களை எழுப்ப ஒரு காலத்தில் தப்படிப்பார்கள். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். அவ்வளவு தூரம் தள்ளியிருந்த தொழிலாளர் லயத்தில் தப்பொலி ஒரு செக்கன் பிந்தித்தான் கேட்கும். மலையேறப் போகிறவருக்கு அந்த ஒரு செக்கன் ஒரு பொருட்டே இல்லை. சிப்பில் கணக்கு வேறு: அங்கே அளவுகோல் பிக்கோசெக்கன், அதாவது செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

சென்னை ஐஐடியின் சக்தி என்ற செயலித் திட்டத்தில் 2018ஆம் ஆண்டு உருவான இரண்டு சிப்களைப் பார்த்தால் இது விளங்கும். சண்டிகரில் 180 நனோமீற்றர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட ரிமோ 70 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே சுமார் 14,000 பிக்கோசெக்கன். இன்டெலின் 22 நனோமீற்றரில் வந்த ரைஸ்கிரீக் 350 மெகாஹேர்ட்ஸ். இடைவெளி 2,900க்கும் குறைவு. இன்றைய கைபேசிச் செயலி 3 கிகாஹேர்ட்ஸில் ஓடும்போது மிஞ்சுவது 333 மட்டுமே. அதற்குள் 30 பிக்கோசெக்கன் பிசகினாலும் அது பெரிய பிசகு.

துடிப்பைப் பங்கிட ஒரு மரம் கட்டப்படுகிறது. அடிமரத்திலிருந்து கிளை பிரியப் பிரிய, ஒவ்வொரு கவட்டிலும் துடிப்புக்கு வலுவூட்டும் பஃபர்கள் இருக்கும். இதற்குச் செலவும் அதிகம். 1992இல் வந்த டிஜிட்டல் நிறுவனத்தின் அல்ஃபா 21064 சிப்பில் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 40 வீதத்தைக் கடிகாரமே விழுங்கியது. அக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாக் கிளைகளின் தாமதத்தையும் சமமாக்கவே பாடுபட்டார்கள். ஜோன் ஃபிஷ்பர்ன் 1990இல் வேறொரு வழி காட்டினார். தாமதம் சமமாக இருக்க வேண்டியதில்லை; தேவைப்படும் பெட்டிக்குத் துடிப்பை வேண்டுமென்றே பிந்தவிட்டால் சிப் இன்னும் வேகமாக ஓடும் என்பதே அது. கடிகாரத்தில் இன்று செய்யப்படும் கடைசி நேரத் திருத்தங்கள் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன.

கடைசி நேரம் என்பது சிப்பின் பாகங்களை இடம்பார்த்து வைத்து, கம்பிகளையும் இழுத்து முடித்த கட்டம். தொழிற்சாலைக்கு அனுப்புமுன் இறுதி நேரச் சோதனை நடக்கும். சூடு, குளிர், கூடிய மின்னழுத்தம், குறைந்த மின்னழுத்தம் என்று ஒவ்வொரு நிலைமையிலும் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். தகவல் அடுத்த துடிப்புக்கு முன் வந்து சேர்கிறதா? பழைய தகவலைப் பெட்டி பிடித்து முடிக்குமுன் புதியது பாய்ந்து வந்துவிடுகிறதா? முதற்பிழையைச் சமாளிக்கலாம், கடிகாரத்தை மெதுவாக்கினால் சிப் ஓடும். இரண்டாவது பிழைக்கு அந்த மருந்தும் இல்லை. எவ்வளவு மெதுவாக்கினாலும் அந்தச் சிப் பிழையாகத்தான் ஓடும். அதனால் பொறியியலாளர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெட்டிக்கு வரவேண்டிய தகவல் 40 பிக்கோசெக்கன் பிந்துகிறது. தகவல் பாதையில் செய்யக்கூடியதையெல்லாம் செய்தாயிற்று. அந்தப் பெட்டியிலிருந்து வெளியேறும் பாதையில் 90 பிக்கோசெக்கன் மிச்சம் இருக்கிறது. பெட்டியின் கடிகார வாசலில் ஒரு பஃபரைச் செருகித் துடிப்பை 45 பிக்கோசெக்கன் பிந்தவிட்டால் பிந்திய தகவலும் பிடிபடும். வெளிப்பாதைக்கும் 45 மிஞ்சும். இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் அதே பெட்டிக்குள் குறுக்குவழியாக ஒரு குட்டைப் பாதையும் வருகிறது. வேகமான நிலைமையில் அந்தப் பஃபரின் தாமதம் 25ஆகக் குறைந்தாலும், குட்டைப் பாதைக்கு இருந்த பாதுகாப்பு 20 மட்டுமே. அந்த 5 பிக்கோசெக்கன் குறைவால் சிப் பாழாகிவிடும். ஆகவே குட்டைப் பாதையிலும் ஒரு தாமதப் பஃபர் வைக்க வேண்டும். அதை வைக்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இது ஒரு பெட்டியின் கணக்கு. மரத்தில் அடிமரத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து கை வைத்தால் ஆயிரக்கணக்கான பெட்டிகளின் நேரம் ஒன்றாக நகரும். அதனால்தான் கடிகாரத்தைக் கடைசி நேரத்தில் தொடாதே என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. தொட்டே ஆகவேண்டுமென்றால், அனுபவசாலி ஒருவர் அறிக்கைகளைக் கிளறி, நாட்கணக்கில் கையாலேயே திருத்துவார்.

மென்பொருள் இந்த வேலையை ஏற்றபோது இரு பக்க வரவுசெலவும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. அது ஒவ்வொரு பெட்டியின் உள்வரும், வெளிச்செல்லும் மிச்சத்தையும் எல்லா நிலைமைகளிலும் அட்டவணையாக வைத்துக்கொள்கிறது. பஃபர் செருகுவது, பெரிதாக்குவது, சிறிதாக்குவது, பெட்டியை வேறு கிளைக்கு மாற்றிக் கட்டுவது என்று ஒவ்வொன்றையும் மனக்கணக்காக முயன்று பார்க்கும். பாதிக்கப்படும் பகுதியை மட்டும் மறுபடி கணக்கிடுவதால் நேரம் மிச்சம். காலி இடம் இல்லாத யோசனையை அங்கேயே தள்ளிவிடும். தேர்ந்த மாற்றங்களைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தால், வரைபட மென்பொருள் அவற்றைச் செய்து கம்பியை மறுபடி இழுக்கும். பிறகு மீண்டும் சோதனை. அடிமரத்தை நோக்கி எந்த மட்டத்தைத் தாண்டித் தொடக்கூடாது, ஒரு சுற்றில் எத்தனை மாற்றம் என்ற வரம்புகளைப் பொறியியலாளரே விதிக்க வேண்டும். இது மிக முக்கியம். வரம்பில்லாமல் ஓடவிட்டால் ஒன்றைத் திருத்தி இரண்டைக் கெடுத்துக்கொண்டே சுற்றும்.

இத்துறையில் சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்களின் மென்பொருள்களே கோலோச்சுகின்றன. சினாப்சிஸுக்குக் கொழும்பிலும் பொறியியலாளர்கள் உண்டு. உரிமக் கட்டணம் மாணவர் கைக்கு எட்டாது. ஆனால் 2018இல் தொடங்கிய ஓப்பன்ரோட் என்ற மென்பொருள் இலவசம். கடிகார மரம் கட்டவும் நேரப் பிழை திருத்தவும் அதில் வழியிருப்பதால், பதுளையில் ஒரு மாணவர் தன் கணினியிலேயே சிறியதொரு சிப்பில் இதைச் செய்து பார்க்கலாம்.

சிப்புக்கான அச்சுகள் செய்யப்பட்ட பிறகும் பிழை தெரியவரலாம். அதற்காகவே வரைபடத்தில் அங்கங்கே வேலையில்லாத உதிரிப் பாகங்கள் முன்கூட்டியே தூவி வைக்கப்படுகின்றன. அடியிலுள்ள திரான்சிஸ்டர் அடுக்குகளைத் தொடாமல், மேலே ஓடும் உலோகக் கம்பிகளை மட்டும் மாற்றி அந்த உதிரிகளைக் கடிகாரக் கிளையோடு இணைத்துவிடலாம். அப்போது புதிதாகச் செய்ய வேண்டியது சில உலோக அடுக்குகளின் அச்சுகள் மட்டுமே.