பச்சை உடம்பு

பச்சை உடம்பு என்பது அண்மையில் குழந்தை பெற்ற பெண்ணின் உடல்நிலையைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் வழங்கும் சொல் ஆகும். ஆறாத புண்ணைப் பச்சைப் புண் என்பது போல, இன்னும் தேறாத உடலை இச்சொல் குறிக்கின்றது. மருத்துவத்தில் இது மகப்பேற்றுக்குப் பிந்திய காலம் எனப்படும். பொதுவாக இக்காலம் ஆறு வாரங்கள் (42 நாட்கள்) எனக் கணக்கிடப்படுகின்றது. திருநெல்வேலியிலும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு ஊர்களிலும் இக்காலத்துக்கெனத் தனி உணவு, குளியல், ஓய்வு முறைகள் உள்ளன.

உடலில் நிகழும் மாற்றங்கள்

மகப்பேறு முடிந்தவுடன் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குகின்றது. நச்சுக்கொடி பிரிந்த இடம் உள்ளே புண்ணாக இருந்து மெல்ல ஆறும். இதனால் வெளியேறும் கழிவு முதல் சில நாட்கள் சிவப்பாகவும், பின்னர் பழுப்பாகவும், அதன்பின் வெண்மஞ்சளாகவும் மாறி, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில் நின்றுவிடும். குழந்தை பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடாசின் என்னும் இயக்குநீர் கருப்பையைச் சுருங்கச் செய்கின்றது. முதல் நாட்களில் பாலூட்டும்போது அடிவயிறு வலிப்பது இதனாலேயே ஆகும்.

ஓய்வும் வேலையும்

வளைகாப்புக்குப் பின் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அங்கே தாயும் ஆச்சியும் அவளைக் கவனித்துக்கொள்வர். தீட்டு எனக் கூறி அடுக்களையிலிருந்து விலக்கி வைப்பதும் நடைமுறையில் ஓய்வாக அமைந்தது. எனினும், எந்நேரமும் படுத்திருப்பது நல்லதன்று. அசைவின்றிக் கிடந்தால் கால் சிரைகளில் குருதி உறையக்கூடும். எனவே சுகப்பிரசவம் ஆனவர் அன்றும், அறுவை மூலம் குழந்தை பெற்றவர் ஒரு நாளுக்குள்ளும் மருத்துவர் கூறியபடி எழுந்து நடக்க வேண்டும்.

மேலப்பாளையம், முக்கூடல் முதலிய ஊர்களில் பல பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். சுற்றும் எண்ணிக்கைக்கே கூலி என்பதால் இவர்கள் விரைவில் வேலைக்குத் திரும்ப நேர்கின்றது. நெடுநேரம் குனிந்து உட்காருவது தளர்ந்திருக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் சுமையாகின்றது. புகையிலையிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உட்செல்லக்கூடியது, தாய்ப்பாலிலும் கலக்கும். ஆகவே குழந்தையைப் புகையிலைத் தூளிலிருந்து விலக்கி வைப்பதும், பாலூட்டுமுன் கைகளைச் சோப்பால் கழுவி மேலாடை மாற்றுவதும் இன்றியமையாதன.

உணவும் மருந்தும்

உளுந்து மாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி இவ்வட்டாரத்தின் சிறப்பு உணவு. பூப்பெய்திய பெண்ணுக்கும் இது தரப்படும். அருகிலுள்ள தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பால் சுரப்புக்கெனப் பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை ஆகியன கொடுப்பர். களியும் மீனும் ஆற்றலையும் புரதத்தையும் தருகின்றன. ஆனால் பால் பெருக முதன்மைக் காரணம் குழந்தை அடிக்கடி குடிப்பதே ஆகும்.

சுக்கு, மிளகு, திப்பிலி முதலியவற்றைக் கருப்பட்டியுடன் கிளறிச் செய்யும் பிரசவ மருந்து நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருவதால் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடமும் அறிவுரை பெறலாம். நீரிழிவு உள்ளவர்கள் கேட்டறிந்த பின்னரே இலேகியம் உண்ண வேண்டும். இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை மகப்பேற்றுக்குப் பின் 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும் என்பது இந்திய அரசின் வழிகாட்டல். களி இதற்கு மாற்றாகாது.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

* வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பது. பாலூட்டும் தாய்க்கு நீர் கூடுதலாகவே தேவை. குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம்.
* பத்தியம் எனக் கீரை, பழங்களை முற்றாக ஒதுக்குவது.
* சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது. நோய் எதிர்ப்புப் பொருட்கள் மிகுந்த முதற்பால் அதுவே.
* அறுவைத் தழும்பு ஆறுமுன் கொதிக்கும் நீரை ஊற்றுவதும் வயிற்றை இறுக்கிக் கட்டுவதும்.
* மூடிய அறையில் தாய்க்கும் சேய்க்கும் சாம்பிராணிப் புகை போடுவது.

மனநலம்

மூன்றாம் நாள் அளவில் காரணமின்றி அழுகை, எரிச்சல் தோன்றுவது இயல்பு. இரண்டு வாரங்களில் இது தணியும். அதற்கு மேலும் நீடித்தாலோ, தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் எழுந்தாலோ அது நோய். "பேய்க்கோளாறு" என்று நாள் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அபாய அறிகுறிகள்

ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுதும் நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கழிவு, கடும் தலைவலியுடன் பார்வை மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மகப்பேற்றின் போது குருதி அழுத்தம் இயல்பாக இருந்தவர்க்கும் பின்னர் அது உயரலாம்.

நலமாக இருப்பவரும் மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் தங்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. பின்னர் இரண்டு முதல் மூன்று நாட்களுக்குள்ளும், 7 முதல் 14 நாட்களுக்குள்ளும், ஆறாம் வாரத்திலும் தாயையும் சேயையும் பரிசோதிக்க வேண்டும் எனவும் அது பரிந்துரைக்கின்றது.

இவற்றையும் பார்க்க

* தாய்ப்பாலூட்டல்
* வளைகாப்பு
* சித்த மருத்துவம்