பொந்தும் பருவமும்

மரப்பொந்தில் முட்டையிடும் பறவைகளில் இரு வகை உண்டு. மரங்கொத்தியும் குக்குறுவானும் தம் அலகாலேயே பொந்தைக் குடைந்துகொள்ளும். கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை, இருவாச்சி ஆகியவற்றுக்கு அந்தத் திறன் கிடையாது. மரங்கொத்தி விட்டுப்போன குழி, கிளை முறிந்து உளுத்த ஓட்டை எனக் கிடைத்ததில் குடியேறும். குடியேறியபின் இடம் மாற வழியில்லை. பருவநிலை மாற்றம் இவற்றை மடக்குவது இங்கேதான்.

தென்காசிச் சமவெளியில் இவற்றின் பெரிய புகலிடம் பனை. உச்சி பட்டுப்போன மொட்டைப் பனையின் உள்சோறு இற்றுக் கொட்டியதும் குழாய்போல ஆழமான குழி விழும். கிளியும் பனங்காடையும் தேடிவருவது அதைத்தான். பங்குனி, சித்திரையில் குஞ்சுகள் உள்ளே இருக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் காற்று வந்து ஊரைக் குளிர்விக்க வைகாசி கடைசி ஆகிவிடும். உயிருள்ள மரத்தின் தடித்த சுவரில் ஈரம் இருப்பதால் பொந்துக்குள் சூடு மெல்லத்தான் ஏறும்; பட்ட பனையில் அந்த ஈரம் இல்லை. பறவைக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து, தொண்டை படபடக்க மூச்சோடு நீரை வெளியேற்றி உடலைத் தணிக்கும். இறகு முளைக்காத குஞ்சுக்கு அந்த நீர் பெற்றோர் ஊட்டும் இரையிலிருந்தே வரவேண்டும்.

வெப்பம் பெற்றோரையும் விடுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் கூட்டுப் பெட்டிகளில் குஞ்சு பொரிக்கும் தெற்கு மஞ்சள் அலகு இருவாச்சிகளை 2008 முதல் 2019 வரை கண்காணித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. முதல் மூன்று பருவங்களில் 52 சதவீதப் பெட்டிகளில் பறவை குடியேறியது. கடைசி மூன்றில் 12 சதவீதம். ஒரு குஞ்சையாவது பறக்கவிட்ட இணைகள் 58 சதவீதத்திலிருந்து 17 ஆகச் சரிந்தன. பகல் உச்ச வெப்பத்தின் சராசரி 35.7 டிகிரி செல்சியஸை எட்டியபோது ஒரு முயற்சிகூடத் தேறவில்லை. பெட்டை உள்ளே அடைபட்டிருக்க, சேவல் வெயிலில் அலகைத் திறந்தபடி மூச்சு வாங்குகிறது. மூச்சுவாங்கத் திறந்த அலகால் இரையைக் கொத்த முடியாது.

கலஹாரி வறண்ட நிலம், தென்காசியை அடுத்த குற்றாலம் மழைக்காட்டின் அடிவாரம். ஆனால் அடைபடும் வழக்கம் இங்கும் அதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மலபார் சாம்பல் இருவாச்சியின் பெட்டை, தை, மாசியில் உயரமான மரப்பொந்துக்குள் புகுந்து எச்சமும் பழச்சக்கையும் பூசி வாசலை மூடும். அலகு நீளும் கீற்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே சிறகிறகுகள் உதிர்ந்துவிடுவதால் பறக்கவும் இயலாது. ஏறத்தாழ மூன்று மாதம் அதற்கும் குஞ்சுகளுக்கும் சேவலே கதி. விழுங்கி வந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கியெடுத்து, கீற்றில் நீளும் அலகில் வைக்கும். வழியில் அந்தச் சேவல் மாண்டால் உள்ளிருப்பவை பட்டினிதான்.

கோடையில் பழம் பழுக்கும், மழைக்கு முன் குஞ்சு வெளியேறிவிடும் என்ற கணக்கில் ஓடும் வாழ்க்கை இது. வறட்சி நீண்டால் காய்ப்பு தப்பும். மழை முந்தினாலும் தொல்லைதான். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. 2023-இல் ஜூன் 8-இலும் 2025-இல் மே 24-இலும் தொடங்கியது. முன்பின்னாக வருவது மழைக்குப் புதிதல்ல. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். குறுகிய நேரத்தில் கொட்டும் பெருமழை அதனால் வலுக்கிறது. 2024 மே 17 அன்று, பருவமழைக்கு முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. அத்தகைய மழையில் சேவல் இரைதேடிப் பறப்பது கடினம். பொந்துக்குள் நீர் இறங்கினால் குஞ்சு விறைத்துப்போகும்.

பொந்து குறைந்த இடத்தில் பெட்டி மாட்டுவது நல்ல எண்ணம். ஆனால் மெல்லிய பலகை மரச்சுவரைவிட விரைவில் சுடும். தடித்த பலகையில் செய்து, மேற்கு வெயில் படாமல் மாட்ட வேண்டும். அதைவிட நல்லது, நிற்கும் மரத்தை நிற்க விடுவது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. பதநீரும் ஓலையும் தராத மொட்டைப் பனைக்கும் அதே மதிப்பைத் தர வேண்டும். வெட்டியே தீர வேண்டுமென்றாலும் ஆனி கழியும்வரை பொறுத்தால் அந்த ஆண்டின் குஞ்சுகளாவது பறந்துவிடும்.