பணியாளன் பண்டமல்லன்

என்னிடம் நன்னூல் கற்று இன்று இலண்டனிற் கணக்கெழுதும் மாணவன் ஒருவன், சென்ற மாதம் எனக்குக் கடிதம் விடுத்தான். அவன் பணிபுரியும் பிரிவு வேறொரு கம்பெனிக்குக் கைமாறுகின்றதாம். புதிய கந்தோரோ தொலைவிலுள்ள கிளாஸ்கோ நகரில். "ஐயா, மேசை கதிரைகளோடு என்னையும் விற்றுவிட்டார்களா?" என வினவியிருந்தான்.

இவ்வினா புதிதன்று. நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியொன்று மற்றொன்றோடு இணைக்கப்பட்டபோது, தொழிலாளியின் உடன்பாடின்றியே அவன் ஒப்பந்தமும் கைமாறும் என வாதிக்கப்பட்டது. அந்நாளில் பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றாய் விளங்கிய பிரபுக்கள் சபை, 1940 இல் அதனை மறுத்தது. எவரிடம் பணிபுரிவது எனத் தெரிந்தெடுக்கும் உரிமையே தொழிலாளியை அடிமையினின்றும் வேறுபடுத்துவது என்பது அற்கின் பிரபுவின் கருத்து.

எனினும், மறுக்கும் உரிமை மானத்தைக் காக்குமேயன்றி வயிற்றைக் காவாது. ஆதலின் 1981 இல் புதிய விதிகள் பிறந்தன. 2006 இல் அவை மாற்றியமைக்கப்பட்டன. இவற்றின்படி, தொழில் கைமாறுங்கால் பணியாளனும் பழைய ஊதியத்தோடும் சேவைக்காலத்தோடும் உடன்செல்வான். விரும்பாதவன் மறுக்கலாம், வெறுமனே மறுப்பின் வேலையும் போம், பொதுவாக ஈடும் கிட்டாது. இடமாற்றம் தனக்குப் பெருந்தீங்காயின், தன்னை நீக்கியதாகவே கொண்டு அவன் வழக்காடலாம். பழைய இடத்து வேலை ஒழியின், ஈராண்டு பணிபுரிந்தவன் ஆட்குறைப்புப் பணமும் கோரலாம்.

ஆகவே மாணவனுக்கு இவ்வாறு எழுதினேன்: "தம்பி, சினத்தில் மறுப்புக் கடிதம் எழுதிவிடாதே. சட்டமறிந்தாரை முதலிற் கேள். பரீட்சைத் தாளிற் பிழைத்த சொல்லை நான் திருத்தினேன். இக்கடிதத்திற் பிழைப்பின் திருத்துதல் அரிது."