சாம்பலும் பூந்தாதும்

குறிஞ்சி என்பது முதற்கண் ஒரு பூவின் பெயர். பின்னரே அது மலைநிலத்துக்குப் பெயராயிற்று என்பர். பூவைக் கொண்டு நிலத்தை அறிதல் நம் முன்னோர்க்கு இயல்பாயிருந்தது. அற்றேல், பதின்மூவாயிரம் ஆண்டுகட்கு முன் பூத்துதிர்ந்த பூவைக் கொண்டு அந்நாளைய மலைநிலத்தை அறிதல் கூடுமோ? கூடும் என்பர் நிலநூலார். அம்முறையை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஏரிகளை வைத்து ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பூ அழியும், அதன் தாதின் மேலோடு எளிதில் அழியாது. காற்றிற் பறந்து ஏரியில் வீழ்ந்த தாது, அடிச்சேற்றில் ஆண்டுதோறும் அடுக்கடுக்காய்ப் புதைகின்றது. அச்சேற்றை நீண்ட குழாயினால் துளைத்தெடுத்து, மண்ணையும் மணலையும் திராவகங்களாற் கரைத்துவிடின் தாது எஞ்சும். நுண்ணோக்கியில் பைன் மரத்தின் தாதுக்கு ஒரு வடிவு, பிர்ச் மரத்ததற்கு வேறொரு வடிவு, புல்லினதற்கு மற்றொரு வடிவு தோன்றும். அடுக்குதோறும் இன்ன தாது இத்தனையென நூற்றுக்கணக்கில் எண்ணிக் கணக்கிடுவர். இம்முறையை 1916-ஆம் ஆண்டில் உலகறியச் செய்தவர் சுவீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட் என்பார்.

இதிலோர் இடர்ப்பாடு உண்டு. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் மற்றொரு நிலத்தில் வருதல் உண்டெனத் தொல்காப்பியர் அன்றே இடங்கொடுத்தார். பைன் தாதோ இருபுறமும் காற்றுப்பைகள் உடையது. பள்ளத்தாக்கிலிருந்து உயர்ந்த சிகரம்வரை பறந்து செல்லும். ஆதலின் மலைமேல் அத்தாது கிடைத்ததனாலேயே ஆங்குப் பைன் காடு இருந்ததென்று துணிதல் தவறு. அம்மரத்தின் ஊசியிலையும் அச்சேற்றிற் கிடைத்தால் ஐயம் நீங்கும்.

இனி, காலம் அறியுமாறு எங்ஙனம்? இரண்டு ஏரிகளின் சேற்றில் எவ்வடுக்கும் எவ்வடுக்கும் ஒரே காலத்தன என்று எதனால் தெளிவது? இங்கேதான் எரிமலை துணைபுரிகின்றது. ஜெர்மனியில் ரைன் ஆற்றின் அருகேயுள்ள லாஹர் சே எரிமலை பனியூழியின் இறுதியில் பெருஞ்சீற்றத்தோடு வெடித்தது. அதன் சாம்பல் வடக்கே பால்டிக் கடற்புறம் வரையிலும் தெற்கே ஆல்ப்ஸ் வரையிலும் படிந்தது. சுவிட்சர்லாந்தின் சொப்பென்சே, கெர்சென்சே என்னும் ஏரிகளில் அது மெல்லிய கோடாகவே காணப்படும். ஆயினும் அதிலுள்ள கண்ணாடித் துகள்களின் இரசாயனக் கலவை இன்ன மலையினது என்று காட்டிக் கொடுத்துவிடும். ஐஸ்லாந்தின் சிகுர்தூர் தோராரின்சன் 1944-ல் இச்சாம்பற் கணக்கைத் தனியோர் ஆராய்ச்சித் துறையாக வகுத்தார்.

அவ்வேரிகளில் சாம்பற்கோட்டின் கீழும், அதனை அடுத்த மேலடுக்குகளிலும் பைனும் பிர்ச்சும் மிக்கிருக்கின்றன. காடு செழித்த காலம் அது. இன்னும் சற்று மேலே சென்றால் மரத்தாது குறைகின்றது. புல்லும், நம் மாசிபத்திரியின் இனத்ததாகிய செடியும் பெருகுகின்றன. கடுங்குளிர் மீண்டது, மலையில் பனியாறுகள் மறுபடியும் கீழிறங்கின, காடு தளர்ந்து திறந்தவெளி பரந்தது. இக்குளிர்க்காலத்துக்கு இளைய டிரையஸ் என்று பெயர். டிரையஸ் என்பது குளிர்மலைகளில் மலரும் எட்டிதழ் வெண்பூ. ஆங்கும் பூவே காலத்துக்குப் பெயர் தந்தது கண்டு யாம் வியந்தோம். அக்குளிர் ஏறக்குறைய 11,700 ஆண்டுகட்கு முன் நீங்கிற்று.

எரிமலையே அக்குளிரைக் கொணர்ந்ததோ எனின், மேர்பெல்டர் மார் என்னும் ஜெர்மானிய ஏரியில் ஆண்டுக்கொரு படலமாய்ப் படிந்த சேற்றை எண்ணிப் பார்த்ததில், சாம்பலுக்கும் குளிருக்கும் இடையே ஏறத்தாழ 200 ஆண்டுகள் உள. ஆகவே வெடிப்பை உடனடிக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

ஆயின், வேறொரு பெருஞ்சிக்கல் இருந்தது. சாம்பலுக்கு முன்னர்க் கொண்டிருந்த ஆண்டின்படி, கிரீன்லாந்தில் குளிர் தொடங்கி 170 ஆண்டளவு கழிந்தபின்னரே நடு ஐரோப்பாவுக்கு வந்ததாகத் தோன்றிற்று. அத்தாமதத்துக்குப் பற்பல காரணங்கள் கூறப்பட்டன. 2021-ல் ஆராய்ச்சியாளர் அவ்வெடிப்பிற் புதைந்து மாண்ட மரங்களின் வளையங்களிலுள்ள கதிரியக்கக் கரியை அளந்து, சுவிஸ் நாட்டுப் பழம்பைன் வளையங்களோடு ஒப்புநோக்கினர். வெடிப்பு நிகழ்ந்தது 1950-க்கு முன் 13,006 ஆண்டு. பிழை 9 ஆண்டுக்கு மேலில்லை. முன் எண்ணியதைவிட ஏறக்குறைய 130 ஆண்டு பழமையாயிற்று. சாம்பலோடு கட்டுண்ட பூந்தாதுக் கணக்கு முழுவதும் உடன் பின்னே நகர்ந்தது. கிரீன்லாந்தின் பனியிலும் ஐரோப்பாவின் ஏரிகளிலும் குளிர் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கியதாக இப்போது காண்கின்றோம். தாமதத்துக்குக் கூறிய காரணங்கட்கு இனி வேலையில்லை.