சங்கரன்கோவிலுக்குத் தெரிந்த முடிச்சுகள்

ஆடி பிறந்தால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இரண்டு பேச்சு அதிகம் அடிபடும். ஒன்று, கோமதி அம்மனின் ஆடித்தபசு. மற்றது, ஆடி அமாவாசைக்குக் காரையாறு போவது. தபசுக்கு ஊர்க்காரர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. கூட்டம்தான் ஊரைத் தேடி வரும். காரையாறு அப்படியல்ல. பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பண்டபாத்திரத்தோடு வந்து, காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கி, தாமிரபரணியில் முழுகி, பொங்கல் வைத்து, அய்யனாரைக் கும்பிட்டுத் திரும்புவார்கள். ‘கேம்பிங்’ என்ற சொல் ரிசார்ட் விளம்பரங்களில் தலைகாட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, குடும்பம் குடும்பமாக நடந்து வந்த கூடார வாழ்க்கை இது.

குடில் போடுவது பெரிய காரியமில்லை. உள்ளே சாமான்களை வைப்பதுதான் பெரும்பாடு. தரை ஈரம். அரிசி மூட்டையை எறும்பு கண்டுபிடித்துவிடும். மாற்றுத்துணி பனியில் பதமாகிவிடும். டார்ச் லைட், தீப்பெட்டி, மாத்திரை, சாவி என்று சின்னச் சாமான்கள் எல்லாம் பாய்க்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். இருட்டில் ஒருவர் ஒரு பொருளைத் தேடினால் குடிலில் இருக்கிற எல்லோரும் எழுந்துவிட வேண்டியதுதான்.

இதற்குப் பணம் கொடுத்து மடக்கு மேசையும் தொங்கு அலமாரியும் வாங்கலாம். வாங்கத் தேவையில்லை என்பதுதான் அனுபவசாலிகளின் கட்சி. சுவர் இல்லாத இடத்தில் கயிறுதான் அலமாரி. இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஒரு கயிறு, அதில் சாணுக்கு ஒரு கண்ணி, கண்ணிக்கு ஒரு பொருள். அவ்வளவுதான் ஏற்பாடு.

மாடு வளர்த்த வீடுகளில் இதைப் பார்த்தவுடனே தாமணி என்று சொல்லிவிடுவார்கள். ஒரே நீளக்கயிற்றில் வரிசையாகக் கண்ணிகள் வைத்துப் பல மாடுகளைப் பிணைக்கும் கயிறு அது. குடிலில் மாட்டுக்குப் பதில் தூக்குவாளி தொங்குகிறது, வேறு வித்தியாசம் இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டுவதற்கு முன்பே கண்ணிகளைப் போட்டுவிட வேண்டும். வேண்டிய இடத்தில் கயிற்றை இரட்டையாக மடித்து, அந்த மடிப்பையே சாதாரண முடிச்சாகப் போட்டால் அசையாத கண்ணி கிடைக்கும். இங்கே உருவாஞ்சுருக்கு உதவாது. பாரம் ஏற ஏற அது இறுகும், பையின் காதை நெரிக்கும், அவசரத்தில் அவிழாது.

முடிச்சு என்றவுடன் பலர் சாரணர் இயக்கத்தை நினைப்பார்கள். நினைப்பதில் நியாயம் உண்டு. 1907 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் சிறுவர்களை வைத்து நடத்திய முதல் முகாமிலிருந்து இன்றுவரை முடிச்சு அவர்களுடைய பாடத்தில் இருக்கிறது. 1950இல் உருவான பாரத் சாரண சாரணியர் இயக்கத்திலும் பிள்ளைகள் ஆரம்பப் படிகளிலேயே இதைப் படிக்கிறார்கள். மூங்கில் கழிகளைக் கயிற்றால் பிணைத்துத் தட்டு அடுக்கவும் செருப்பு வைக்கவும் தாங்கிகள் செய்வது அவர்கள் முகாம்களில் வழக்கம். ஆனால் சங்கரன்கோவில்காரர் ஒருவர் இந்த முடிச்சுகளைக் கற்றுக்கொள்ள முகாமுக்குப் போக வேண்டியதில்லை. கடைத்தெருவில் ஒரு சுற்று வந்தால் போதும்.

முதலில் பூக்கடை. சுற்றுவட்டாரக் கிராமங்களின் மல்லிகையும் பிச்சியும் வந்து சேரும் ஊர் இது. பூக்கட்டும் பெண் இரண்டு காம்புகளைச் சேர்த்து வைத்து நாரை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். விரலில் ஒரு வளையம் எடுத்துக் காம்பின் மேல் மாட்டி இழுக்கிறார். கண் இமைப்பதற்குள் அடுத்த பூ. சாரணர்கள் ‘குளோவ் ஹிட்ச்’ என்று சொல்லும் முடிச்சுக்கு மிக நெருங்கிய உறவு இது. கழியைச் சுற்றிக் கயிற்றை ஒரு முறை கொண்டுவந்து, அதன் மேல் குறுக்காகத் தாண்டி இன்னொரு சுற்றுப் போட்டு, அந்தக் குறுக்குச் சுற்றுக்கு அடியில் நுனியை நுழைத்தால் குளோவ் ஹிட்ச். குடிலின் கம்பில் கயிற்றைத் தொடங்குவதற்கு இதைவிட வேகமான கட்டு கிடையாது. கம்பு வழவழப்பாக இருந்தால் மெல்ல நழுவும். நுனியால் கூடுதலாக ஒரு சுருக்குப் போட்டுவிட்டால் நிற்கும்.

அடுத்தது விசைத்தறி. இங்கே தறிச்சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. ஓடுகிற பாவில் இழை அறுந்தால் நெசவாளி இரண்டு நுனிகளையும் எடுத்து, விரல் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை மறுபடி ஓட்டுவார். அந்தச் சிறு முடிச்சும், கப்பல்காரர்கள் இரண்டு கயிறுகளை இணைக்கப் போடும் ‘ஷீட் பெண்ட்’ முடிச்சும் அமைப்பில் ஒன்றே. போடுகிற விதம்தான் வேறு. மீன்வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இருப்பதும் அதுதான். கனம் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்க இதுவே பொருத்தம். தடித்த கயிற்றின் நுனியை மடித்துப் பிடித்து, மெல்லிய கயிற்றை மடிப்புக்குள்ளிருந்து மேலே கொண்டுவந்து, மடிப்பின் இரண்டு காலையும் பின்பக்கமாகச் சுற்றி, மெல்லிய கயிற்றின் அடியிலேயே செருகி இழுக்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் இரண்டு கயிறுகளை இணைப்பதற்கு, பொட்டலம் கட்டுகிற மாதிரி இரண்டு முறை முடிந்து விட்டுவிடுகிறோம். பொட்டலத்துக்கு அது போதும். பாரம் தாங்கும் இணைப்புக்கு அது ஆபத்து. ஏறக்குறைய 3,900 முடிச்சுகளைத் தொகுத்து 1944இல் பெரும் நூல் ஒன்றை வெளியிட்ட அமெரிக்கர் கிளிஃபோர்ட் ஆஷ்லி, இந்த வகை முடிச்சால் கயிறுகளை இணைத்து உயிரை விட்டவர்களே அதிகம் என்று கடுமையாகவே எச்சரித்திருக்கிறார்.

மூன்றாவது, லாரி. மூட்டை ஏற்றி முடித்ததும் லோடுமேன்கள் தார்ப்பாயின் மேல் கயிறு எறிந்து இறுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி வைப்பார்கள். நுனியைக் கீழே கொக்கியில் மாட்டி, திரும்ப மேலே கொண்டுபோய் அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுப்பார்கள். கண்ணி கப்பியாக வேலை செய்கிறது. காகிதக் கணக்கில் கை பலம் மூன்று மடங்காக வேண்டும். உராய்வில் கணிசமாகப் போனாலும், மிச்சமிருக்கும் இழுப்பு வெறுங்கையால் வராது. சாமான் கயிறு தொய்ந்தால் எல்லாப் பைகளும் சரிந்து நடுவில் வந்து கூடிவிடும் என்பதால், குடிலில் மிக அவசியமான கட்டு இதுதான். கடைசி முடிச்சைப் போடும்போது நுனியை முழுவதும் இழுத்துவிடாமல் மடிப்பாகச் செருகி வைத்தால், காலையில் ஒரே இழுப்பில் அவிழும்.

கயிறு எது என்பதும் முக்கியம். தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பானது, முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். நனைந்தால் உப்பும், நீளம் சுருங்கும். அதனால் மழைக்கு முன் சற்றுத் தளர்த்தி வைக்காவிட்டால் முளை பிடுங்கிக்கொள்ளும். நைலான் நேர்மாறு: நனைந்தால் நீளும், தார்ப்பாய் தொங்கும். வழுக்கும் என்பதால் கூடுதலாக ஒரு சுற்று வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வண்ணப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கிப்போகும். இரண்டாம் ஆண்டு அதை நம்பக் கூடாது. எந்தக் கயிறானாலும் முடிச்சு விழுந்த இடத்தில் அதன் பலம் வெகுவாகக் குறையும் என்பதால், தாங்க வேண்டிய பாரத்தைவிடப் பல மடங்கு வலுவான கயிற்றை எடுப்பது நல்லது.

துணிக்கு வேறு உத்தி. ஒரு கயிற்றை இரட்டையாக்கி முறுக்கிக் கட்டினால், முறுக்குகளுக்கு இடையில் துணியின் முனையைச் செருகிவிடலாம். கிளிப் வேண்டாம், காற்றுக்கும் பறக்காது. கழுவிய தட்டு, டம்ளருக்கு வெங்காய வலைப்பை ஒன்று போதும். தொங்கவிட்டால் தண்ணீர் தானே வடியும். தயிர்ப் பாத்திரத்துக்கு நம் பாட்டிமார்களின் உறியை மிஞ்ச இதுவரை எதுவும் வரவில்லை. உறிக்கயிற்றின் மேல்பாகத்தில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றினால் எறும்பும் இறங்காது.

குரங்கு மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது. அமெரிக்கக் காடுகளில் கரடிக்குப் பயந்து உணவுப் பையை உயரக் கிளையில், அடிமரத்திலிருந்து தள்ளித் தொங்கவிடுகிறார்கள். முண்டந்துறைக் குரங்குக்கு அது பந்தி விரித்த மாதிரி. பழமும் தின்பண்டமும் கயிற்றில் தொங்கவே கூடாது; இறுக்கமான மூடி போட்ட டின்னில்தான் இருக்க வேண்டும்.

கரிசல் காட்டில் கிடை போடுகிறவர்களுக்கு இந்தக் கூடார வாழ்க்கை திருவிழா அல்ல, தொழில். அறுவடை முடிந்த நிலத்தில் உரத்துக்காக ஆடுகளை இரவில் அடைத்துவிட்டு, காவலுக்கு அங்கேயே படுப்பார்கள். கி.ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவல் இந்த உலகத்தைப் பற்றியதுதான். இன்று ஒரு புஞ்சை, நாளை வேறொன்று என்று மாறுகிறவர்களுக்கு, கட்டவும் அவிழ்க்கவும் நேரம் பிடிக்கிற எந்தச் சாமானும் சுமைதான்.

காரையாற்றில் குடில் போடும் நாள்களை வனத்துறை அண்மை ஆண்டுகளில் குறைத்துக்கொண்டு வருகிறது. காட்டுக்குள் சேரும் குப்பையைப் பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியவில்லை. போகிறவர்கள் மரத்தில் ஆணி அடிக்காமல், கயிறு பட்டையை அறுக்காதபடி பழைய சாக்கைச் சுற்றி அதன் மேல் கட்டலாம். நடைபாதைக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் கயிறு கட்டவே வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெள்ளைத் துணி ஒன்றை அதில் முடிந்து விடுங்கள். புறப்படும் நாளில் அவிழ்க்கச் சோம்பி அறுத்துப்போடும் நைலான் துண்டு மிளாவின் காலில் சுற்றும். கொண்டுபோன கயிற்றை முழுதாக அவிழ்த்து, சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த ஆடிக்கும் அதே கயிறு உதவும்.